தளத்தில் வாய் திறக்குமுன்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் செய்யுளும் கற்பித்துக் காலங்கழிக்கும் யாம் கட்டிடத் தொழிலைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களிற் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். கொத்து வேலையிலும் தச்சு வேலையிலும் தேர்ந்த பெரியோர் இவ்வவையில் அமர்ந்திருக்க, யாம் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்றாற் போல்வதே. ஆயினும் சென்ற மாதக் கூட்டத்தில் எழுந்த வழக்கிலே, இரு கட்சியாரும் உரத்துப் பேசிய பொழுது, யாம் ஒன்றும் அறியாது வாளா இருந்தோம். அவ்வறியாமை எம்மை உறுத்தியது. ஆதலின் ஒரு திங்கள் முழுதும், கட்டிடப் பொறியாளராகிய எம் மைத்துனரைப் பன்முறை வினவியும், வேலை நடைபெறும் இரண்டு மனைகளில் நேரே சென்று நின்று பார்த்தும், ஒருவாறு தெளிந்தவற்றையே இங்குக் கூறப் புகுகின்றோம். இதனுட் பிழை உளதேல் அஃது எம்முடையது. நன்றெனத் தோன்றுவன அம்மைத்துனருடையன.

வழக்கு யாதென்பதை வெளியூரிலிருந்து வந்துள்ளார் பொருட்டுச் சுருங்கச் சொல்லுகின்றோம். நம் சங்கத்து மாடி மண்டபத்திற்கு ஏற 24 படிகள் உள. அம்மண்டபம் எழுந்த காலத்து முதற்கண் பொருளுதவிய பெரியவர் ஒருவருக்கு இன்று அகவை 83. சென்ற தை மாதத்தில் அவருடைய பேத்தியின் திருமணம் அம்மண்டபத்திலேயே நடைபெற்றது. முழங்கால் இடங்கொடாமையால் அவர் கீழே திண்ணையில் அமர்ந்திருந்தார். நாற்காலியோடு தூக்கிச் செல்வோம் என்று இளைஞர் நால்வர் முன்வந்தனர், அவர் இசைந்திலர். மேலே கெட்டிமேளம் முழங்கியபொழுது, தம் கையிலிருந்த அட்சதையை மாடிப்படியை நோக்கித் தூவிவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அருகிருந்து அதனைக் கண்டவர்களுள் யாமும் ஒருவேம். மின்தூக்கி வேண்டுமா என்னும் வினாவிற்கு எம்மளவில் அன்றே விடை கிடைத்துவிட்டது. வேண்டும் என்பதில் ஐயமில்லை.

எஞ்சிய வினா, அதனை எங்ஙனம் அமைப்பது என்பதே. ஒரு சாரார், கட்டிய தளத்தை வெட்டுதல் ஆகாது, வெட்டினால் கட்டிடமே குலைந்துபோகும் என்று அஞ்சினர். மற்றொரு சாரார், ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்து, “தளத்தில் ஓர் ஓட்டை போடுவதுதானே, நான்கு நாளில் முடித்துத் தருகிறேன்” என்று கூறியதை எடுத்துக்காட்டினர். அந்த அச்சமும் பொருந்தாது. இந்த “ஓட்டைதானே” என்பதும் பொருந்தாது. முன்னதனைக் காட்டிலும் பின்னதே தீங்கு மிக்கது என்பது எம் துணிபு. இப்பேச்சு பெரும்பாலும் அவ்வொரு சொல்லைப் பற்றியதே.

பழைய பெருவழிகளின் ஓரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரண்டு கல் நிமிர்ந்து நிற்க, ஒரு கல் அவற்றின்மேல் குறுக்கே கிடக்கும். கருவுற்ற நிலையில் இறந்த மகளிரின் நினைவாக அவற்றை நாட்டுதல் நம் நாட்டு வழக்கம். வழிப்போக்கன் தலைச்சுமையைக் குறுக்குக் கல்லின்மேல் இறக்குகின்றான். குறுக்குக் கல் அதனை இரு நிலைக்கற்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கின்றது. நிலைக்கற்கள் அதனை மண்ணுக்கு ஒப்புவிக்கின்றன. எத்துணை மாடி கொண்ட மாளிகையாயினும் அதன் இலக்கணம் இவ்வளவே. சுமை ஓரிடத்திலும் அழிவதில்லை. கைம்மாறிக் கைம்மாறி மண்ணை அடைகின்றது. நடுவில் ஒரு கையை நாம் வெட்டிவிட்டால், அது பிடித்திருந்த சுமையை வேறொரு கை பிடித்தாக வேண்டும். நம் மொழியிலே சுமையைத் தாங்குவதற்கும், துன்பத்தைச் சகிப்பதற்கும் பொறுத்தல் என்னும் ஒரே சொல் வழங்குவதை யாம் வகுப்பறையிற் பலகாற் கூறியதுண்டு. மனிதன் பொறுப்பதற்கு எல்லை உண்டு என்பதை நாம் அறிவோம். உத்திரத்திற்கும் உண்டு என்பதை மறந்துவிடுகின்றோம்.

நம் கட்டிடம் இரு வகையானது. தெருப்பக்கமுள்ள முன்கட்டு நம் பாட்டனார் காலத்துச் சுண்ணாம்பு வேலை. அதன் மாடித்தளம் மெட்ராஸ் ஒட்டு என்று வழங்குவது. பின்கட்டும் அதன்மேலுள்ள மண்டபமும் ஏறத்தாழ 40 ஆண்டுகட்கு முன் எழுந்த கம்பிக் கான்கிரீட்டு வேலை. இரண்டிற்கும் வாய் திறக்கும் முறை வேறு வேறு. முதலில் முன்கட்டைப் பார்ப்போம். அதனிடத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் விளங்குதல் எளிது.

மெட்ராஸ் ஒட்டில், சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள் வரிசையாகக் கிடக்கும். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் விளிம்பு கீழாகச் செருகி, மூலைவாட்டில் அடுக்கிச் செல்வர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டுத் திமிசு கொண்டு இடித்து இறுக்குவர். மேலே தட்டோடு பதிப்பர். ஆக, நாம் நடக்கும்பொழுது நம் எடை ஓட்டிலிருந்து ஜல்லிக்கும், ஜல்லியிலிருந்து செங்கல்லுக்கும், செங்கல்லிலிருந்து உத்திரத்திற்கும், உத்திரத்திலிருந்து இரு சுவர்களுக்கும் போகின்றது.

இத்தகைய தளத்தில் ஆறடிச் சதுரமாக ஒரு வாய் வேண்டுமாயின், இடையிலுள்ள உத்திரங்கள் சில அறுபடும். அறுபட்ட உத்திரத்தின் ஒரு முனை சுவரில் இருக்கும். மறுமுனை அந்தரத்தில் தொங்கும். அம்முனைகளையெல்லாம் தாங்க, வாயின் விளிம்பில் ஒரு குறுக்கு உத்திரம் வேண்டும். அக்குறுக்கு உத்திரம் தன் இரு முனைகளையும் எங்கே ஊன்றும்? வாயின் இருபுறத்தும் அறுபடாமல் நீளும் பக்க உத்திரங்களின்மேல் ஊன்றும். சுமைதாங்கிக் கல்லின் அமைப்பையே படுக்கவைத்தாற்போல இது நிற்கின்றது. இங்கேதான் பலரும் இடறுவது. குறுக்கு உத்திரத்தை இட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று கைகழுவுவர். பக்க உத்திரத்தைப் பற்றி நினையார்.

இதனை எண்ணாற் காண விழைந்து, எம் பள்ளியின் கணித ஆசிரியரையும் துணைக்கொண்டோம். சுவருக்குச் சுவர் 4 மீட்டர் அகலமுள்ள ஓர் அறை, 45 செ.மீ.க்கு ஒன்றாக உத்திரங்கள். தளத்தின் எடையும் அதன்மேல் நிற்கும் மக்களின் எடையும் கூடிச் சதுர மீட்டருக்கு 600 கிலோ என்று கணக்கிற்காகக் கொள்வோம். அங்ஙனமாயின் ஒவ்வோர் உத்திரமும் பொறுப்பது 1,080 கிலோ. இப்பொழுது ஒரு சுவரை ஒட்டி 1.8 மீட்டர்ச் சதுரமாக வாய் திறக்கின்றோம். 3 உத்திரங்கள் அறுபடுகின்றன, அவற்றில் 2.2 மீட்டர்த் துண்டுகள் எஞ்சுகின்றன. ஒவ்வொரு துண்டின்மேலும் 594 கிலோ. அதிற் பாதி சுவருக்குப் போக, மற்றப் பாதி குறுக்கு உத்திரத்திற்கு வருகின்றது. மூன்றும் கூடினால் 891 கிலோ. அஃது இருகூறாகி ஏறத்தாழ 445 கிலோ வீதம் ஒவ்வொரு பக்க உத்திரத்தின்மேலும், அதன் நடுப்பகுதியை அடுத்து, ஒரே புள்ளியில் அமர்கின்றது.

“வெட்டி எடுத்த பகுதியின் எடைதான் போய்விட்டதே, பின் அச்சம் ஏன்?” என்று சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் வினவினார். நல்ல வினா. மொத்தத்தில் எடை குறைந்தது உண்மையே. ஆயின் ஒரு மூட்டை நெல்லைத் திண்ணை முழுதும் பரப்பிவைப்பதும், கட்டி ஒரே இடத்தில் வைப்பதும் ஒன்றாமோ? கணித ஆசிரியர் போட்டுக் காட்டியபடி, பக்க உத்திரத்தை வளைக்கும் விசை முன்பு 100 என்றிருந்தால், வாய் திறந்தபின் 158 ஆகின்றது. வாயின் பக்கத்துத் தளப்பகுதி போனதைக் கழித்த பின்னரே இந்த 158. ஆதலினாற்றான் வல்லவர்கள் பக்க உத்திரத்தை இரட்டையாக்கி, ஒன்றோடொன்று போல்ட்டு முடுக்கிப் பிணைக்கின்றனர். அன்றேல் இரும்பு விட்டத்தைக் கொணர்கின்றனர். குறுக்கு உத்திரத்தை ஆணிகளால் மட்டும் அறைந்து நிறுத்தாது, தொட்டில் போன்ற இரும்புப் பிடிகளில் அமர்த்துகின்றனர். பக்க உத்திரம் சுவரிற் புகும் இடத்தில், கூடிய சுமையைச் சுண்ணாம்புச் சுவர் தாங்குமாறு அடிக்கல் ஒன்று பதிக்கின்றனர். சுவருக்குள் மறைந்த அம்முனையே கறையான் முதலிற் புகும் இடமும் ஆம். வெளியே தேக்கு வைரம் பாய்ந்து விளங்கும். உள்ளே சுரண்டினால் உமியாய் உதிரும்.

இன்னுமொரு நுட்பம். மின்தூக்கியின் வாய் நீள்சதுரமாயின், அதன் நீண்ட பக்கம் உத்திரங்கள் ஓடும் திசையிலேயே அமைதல் நன்று. அப்பொழுது அறுபடுவன குறையும். பலகையைத் தச்சன் இழை நோக்கி அறுப்பதுபோலக் கொள்க.

இனிப் பின்கட்டிற்குச் செல்வோம். கான்கிரீட்டுத் தளத்தின் இடர்ப்பாடு, அதன் உத்திரங்கள் நம் கண்ணுக்குத் தெரியாமையே. கல்லும் மணலும் சிமெண்டும் சேர்ந்த அக்கலவை அமுக்கத்தை நன்கு பொறுக்கும். இழுவையை மிகக் குறைவாகவே பொறுக்கும். இழுவையைத் தாங்கவே உள்ளே கம்பி. தளம் நடுவிற் கீழ்நோக்கித் தொய்ய முயல்வதால், நடுப்பகுதியில் கம்பி அடிப்புறத்தில் இருக்கும். விட்டங்களைத் தாண்டுமிடத்தில் தளம் மேற்புறம் பிளக்க முயல்வதால், அங்கே கம்பி மேற்புறத்தில் இருக்கும். நீள்சதுரமான தளத்தில் பெருஞ்சுமையைச் சுமக்கும் கம்பிகள் குறுகிய பக்கத்தை நோக்கி ஓடும். வெளியே நீட்டிய மாடத்திலோ கம்பிகள் மேலேதான் உயிர். எக்கம்பி எவ்வழி ஓடுகின்றது என்று அறியாமல் வெட்டுகின்றவன், நரம்பறியாது கத்தி எடுக்கும் மருத்துவனை ஒப்பான். இன்று தளத்தை உடையாமலே கம்பி இருக்குமிடத்தைக் காட்டும் கருவி உண்டு. அரைநாளில் தளம் முழுதும் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டிவிடுகின்றனர். யாம் சென்ற மனையொன்றில் அதனைக் கண்டு வியந்தோம்.

புதிதாகத் தளம் வார்க்கும்பொழுதே வாய் விடுவதாயின் வேலை எளிது. வாயால் தடைப்படும் கம்பிகளுக்கு ஈடான கம்பிகளை இருபுறத்தும் சேர்த்து, நான்கு மூலைகளிலும் குறுக்குச் சாய்வாகச் சில கம்பிகள் இடுவர். கதவு நிலையின் மூலையிலிருந்து சுவர் சாய்வாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வெடிப்பைத் தடுக்கும் பொருட்டு. ஆயின் வார்த்து இறுகிய தளத்தினுள் இனிக் கம்பியைப் புகுத்துதல் அரிது. ஆதலின் கீழிருந்து இரும்பு விட்டங்கள் கொடுத்து, முன் கூறிய குறுக்கு உத்திரம், பக்க உத்திரம் என்னும் அமைப்பையே தளத்தினடியில் உண்டாக்குகின்றனர். அவ்விட்டங்கள் ஏற்கெனவே உள்ள கான்கிரீட்டு விட்டத்திலோ சுவரிலோ தூணிலோ சென்று ஊன்றவேண்டும். ஊன்றப்படுவதும் புதுச்சுமையைப் பொறுக்குமா என்று பார்த்தாகவேண்டும். பல அங்கணங்களில் தொடர்ந்து ஓடும் தளமாயின், ஓர் அங்கணத்தை வெட்டுவது அடுத்த அங்கணத்தையும் தாக்கும். இருபுறமும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் உறவு அது. ஒன்று போனால் மற்றது நடுவில் முன்னிலும் தொய்ய முயலும்.

இங்கே எம் உறவினர் ஒருவருடைய மனையில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். ஊரும் பேரும் வேண்டா. தாயார் நோயுற்றமையால் மாடிக்கு மின்தூக்கி வைக்க விரும்பினார். வந்தவர்கள் சம்மட்டியால் தளத்தை உடைத்துக் கம்பியை அறுத்தனர். வாய் திறந்த பின்னரே இரும்பு விட்டங்களை அடியில் வைத்தனர். விட்டங்கள் தடித்தவை, குறையொன்றும் இல்லாதவை. ஆயினும் அவற்றிற்கும் தளத்திற்கும் இடையே விரற்கடை இடைவெளி இருந்தது. மாடியிலிருந்த அலமாரியின் கதவு இரண்டு நாளில் மூடாதாயிற்று. ஒரு வாரத்தில் வாயின் மூன்று மூலைகளிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்புக்கள் ஓடின. தளம், தன்னைத் தாங்க வந்த விட்டத்தைத் தானே தொய்ந்து சென்று தேடிக்கொண்டது. அக்குடும்பம் மூன்று மாதம் வாடகை மனையில் இருந்தது. தாயார் அம்மின்தூக்கியில் ஏறாமலே காலஞ்சென்றார். எம் உறவினர் இன்றும் அப்பொறியின் கதவைத் திறப்பதில்லை.

ஆகவே முறை முக்கியம். முதலில் கீழே முட்டுக் கொடுத்தல். அம்முட்டும் கீழ்த்தளத்தின்மேல் மட்டும் நில்லாது, நிலம் வரையில் சுமை செல்லுமாறு அமைதல். அடுத்து விட்டங்களை ஏற்றி, தளத்திற்கும் அவற்றிற்கும் நடுவே ஆப்பு முடுக்கி, சுருங்காத சாந்து செலுத்தி இடைவெளியை அடைத்தல். அது இறுகியபின்தான் வெட்டுதல். வெட்டும்பொழுதும் சம்மட்டி வேண்டா. அதன் அதிர்ச்சி வெட்டாத பகுதியையும் நொறுக்கும். நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத்துளை இட்டு, பின்னர் வைரத்துகள் பதித்த வட்ட ரம்பத்தால் துளைக்குத் துளை அறுக்கின்றனர். அங்ஙனம் செய்தால் ரம்பம் மூலையைக் கடந்து ஓடி நல்ல கம்பியை அறுப்பதில்லை. 12.5 செ.மீ. தடிப்புள்ள தளத்தில் 1.8 மீட்டர்ச் சதுரத்துண்டின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. ஆதலின் சிறு சிறு துண்டாக அறுத்துக் கயிறு பூட்டி இறக்கவேண்டும். அறுத்த வாயைச் சுற்றி உறுதியான கைப்பிடி வேலி நிற்கவேண்டும். மேலே ஒரு பலகையைப் போட்டு மூடி வைத்தல் போதாது. நம் மாணவர் விடுதிச் சிறுவர்கள் அம்மண்டபத்தில் ஓடிப்பிடித்து விளையாடுவதை யாவரும் அறிவோம்.

அளவுகடந்து அச்சுறுத்துகின்றோம் என்பீராயின், ஒன்று கேளுங்கள். தென் கொரிய நாட்டுச் சியோல் நகரில் சாம்பூங் என்னும் பேரங்காடி 1995-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் மாலையில் இடிந்து வீழ்ந்தது. 502 பேர் மாண்டனர். அதன் தளங்கள் விட்டமின்றி நேரே தூண்களின்மேல் அமர்ந்தவை. தூண்களோ இருக்கவேண்டிய அளவினும் மெலிந்தவை. நகரும் படிக்கட்டுக்களை அமைத்த இடத்தை அடுத்த தூண்கள், தீத்தடுப்புக் கதவுகளின் பொருட்டுப் பின்னும் செதுக்கப்பட்டன. ஐந்தாம் மாடி பின்னர் வேறு நோக்கத்திற்கு மாற்றி எடை கூட்டப்பட்டது. மேற்கூரையில் பெருங்குளிர்ப் பொறிகள் வேறு. அன்று காலையிலேயே வெடிப்புக்கள் தெரிந்தும், கடையை அடைக்கவில்லை. நம் சிறு மண்டபத்தையும் அப்பேரங்காடியையும் ஒப்பிடுதல் யானையையும் பூனையையும் ஒப்பிடுதலே. ஆயினும் அங்கே ஒவ்வொருவரும் செய்தது ஒவ்வொரு சிறு மாற்றமே. ஒவ்வொருவரும் “இவ்வளவுதானே” என்றே சொல்லியிருப்பர்.

மின்தூக்கியின் எடையைப் பற்றி ஒரு சொல். அறுந்த கயிற்றிலும் கூண்டு வீழாது நிற்கும் தடுப்பை எலிஷா ஓட்டிஸ் என்பவர் 1854-இல் நியூயார்க்கில் மக்கள் முன்னிலையில் தாமே ஏறி நின்று காட்டினார். 1857-இல் அந்நகரத்துக் கடையொன்றில் மக்கள் ஏறும் மின்தூக்கி, அன்று நீராவியால் இயங்கியது, அமைந்தது. கூண்டு வீழும் என்னும் அச்சம் அன்றே பெரும்பாலும் நீங்கிற்று. இன்று நம் நாட்டில் ஆளுக்கு 68 கிலோ என்று கொண்டு, 6 பேர் ஏறும் கூண்டிற்கு 408 கிலோ, 8 பேர்க்கு 544 கிலோ என்று வரம்பு செய்கின்றனர். கயிற்றால் இயங்கும் பொறியில், கூண்டின் எடையோடு சுமையிற் சற்றேறக்குறையப் பாதியும் சேர்ந்த எதிர்ப்பாரம் மறுபுறம் தொங்கும். இவையனைத்தும் வெட்டிய தளத்தின் விளிம்பில் தொங்குதல் கூடாது. மின்தூக்கிக்கு அடிமுதல் முடிவரை தனக்கெனச் சட்டமோ சுவரோ வேண்டும். அது தன் காலில் நின்று தன் அடித்தளத்திற்கே சுமையைக் கொடுக்கவேண்டும். மாடித்தளம் அதனைப் பக்கவாட்டிற் பிடித்துக்கொள்ளும் அளவே. அடியில் குழி தோண்டும்பொழுதும் கருத்து வேண்டும். பழைய சுவரின் கடைக்காலை ஒட்டி ஆழத் தோண்டினால், மேலே நாம் செய்த பாதுகாப்பெல்லாம் கீழே வழுக்கிப்போம். தமிழ்நாட்டில் மின்தூக்கிகளுக்கெனவே 1997-இல் சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கத்தின் அனுமதி பெற்று அமைத்து, உரிமம் பெற்றே ஓட்டவேண்டும். நான்கு நாள் கணக்குச் சொன்னவர் இதனைக் கூறியதாக எமக்கு நினைவில்லை.

நம் கட்டிடத்திற்கு எது தகும்? கட்டிடத்திற்கு வெளியே சுவரை ஒட்டி எழுப்பிவிட்டால் தளத்தை வெட்டவே வேண்டா என்பது முதல் எண்ணம். யாமும் அதனையே விரும்பினோம். கீழ்ப்புறம் ஒரு மீட்டர்ச் சந்து, மேற்புறம் கிணறு, தெற்கே அயலார் மனை. இடமில்லை. உள்ளே மூன்று இடங்கள் பேசப்பட்டன. முன்கட்டில் மாடிப்படியை ஒட்டிய இடம் வருவோர்க்கு வசதியானது. ஆயின் அங்கே உத்திர முனைகள் இரண்டில் கறையான் மண் கண்டோம். மேடைக்கு அருகிலுள்ள இடத்தில் வெட்டவேண்டிய பகுதியின் நடுவே கான்கிரீட்டு விட்டமே ஓடுகின்றது. அதனைத் தொடுதல் ஆகாது என்பதில் எம் மைத்துனர்க்கு இரண்டாம் பேச்சில்லை. மூன்றாவது, பின்கட்டில் பாத்திர அறையின் மூலை. இருபுறம் விட்டமும் ஒருபுறம் சுவரும் அருகிலேயே உள. இரும்பு விட்டங்கள் குட்டையாக அமையும். சுமை நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பாத்திரங்களை வேறிடம் மாற்ற வேண்டுமே என்று சமையற்காரர்கள் முணுமுணுப்பர். முணுமுணுக்கட்டும். செலவும் மாதமும் கூடும். நான்கு நாள் அன்று. இரண்டு மாதமாயினும் ஆகலாம். ஐப்பசியில் அடுத்த முகூர்த்தம் தொடங்குமுன் முடித்தல் இயலும் என்று தோன்றுகின்றது.

வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு எம் மைத்துனர் கம்பி காட்டும் கருவியுடன் வருவதாக ஒப்பியுள்ளார். ஊதியம் வேண்டா என்றார். காலையுணவிற்குச் செயலாளர் ஏற்பாடு செய்வாராக. உயரமான ஏணி ஒன்றும், மண்டபத்து மின்விளக்குக்கு மேலுள்ள பொய்க்கூரைப் பலகைகளைக் கழற்ற ஆள் ஒருவரும் வேண்டும். இன்னும் ஒன்று. பின்கட்டு எழுந்த காலத்தில் கம்பி வரைபடங்கள் நீலத்தாளில் இருந்ததைத் தாம் கண்ணாற் கண்டதாக அப்பெரியவர் கூறுகின்றார். சங்கத்து அலமாரியில் யாம் தேடினோம், இல்லை. அன்றைய கட்டிடக் குழுவில் இருந்தார் வீடுகளில், பரணிலோ பெட்டியிலோ அத்தாள்கள் கிடத்தல் கூடும். கறையான் அரித்த தாளாயினும் எறிந்துவிடாது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுங்கள்.